மலையில் ஏற்றிய வேகம்

குரு என்றால் மலை மேல்தான் இருப்பார், சீடன் என்றால் ஏறித்தான் போக வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியவில்லை. மேலூர் சோலைமலைக்கும் அதே விதிதான் வாய்த்தது. அவன் பஸ்ஸில் ஏறினான், அவ்வளவுதான் வித்தியாசம்.

மடியில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. அதைப் போர்வையில் சுற்றி, கொண்டை ஊசி வளைவு வரும்போதெல்லாம் கைக்குழந்தையைப் போல இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பக்கத்து சீட்டுக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "உள்ள என்னங்க, சாமி சிலையா?" என்று கேட்டார்.

"கிட்டத்தட்ட அப்படித்தாங்க" என்றான் சோலைமலை.

கொடைக்கானலில் ஒரு சரிவில், தகரக் கூரை போட்ட பட்டறையில் ரெஜினா இருந்தாள். தலையில் குரங்குக் குல்லா, கையில் சூட்டுக் காற்று ஊதும் துப்பாக்கி. வயது முப்பதைத் தொடவில்லை. கேம் விளையாடுகிறவர்களுக்குத் தண்ணீரால் குளிரும் கம்ப்யூட்டர் கட்டிக்கொடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள தெற்கே ஆள் கிடையாது. போட்டி போட்டியாக ஜெயித்துவிட்டு, ஒரு நாள் போதும் என்று மலையேறி உட்கார்ந்துவிட்டவள்.

சோலைமலைக்கு நாற்பத்துமூன்று. பிழைப்புக்கு மைக்செட். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எதுவானாலும் அவன் குழாய்தான் கட்டப்படும். ஆனால் உயிர் இருந்தது இந்தப் பெட்டியில்.

வருஷாவருஷம் சித்திரை முடிந்ததும் மதுரையில் ஒரு பந்தயம் நடக்கும். எல்லோருக்கும் ஒரே ரக சிப்பு, ஒரே ரக கார்டு. மற்றதெல்லாம் கட்டுகிறவன் சாமர்த்தியம். ஒரு கேமை ஒரு மணி நேரம் முழு மூச்சில் ஓட விடுவார்கள். திரையில் அதிகமான படங்களை ஓட்டிக்காட்டிய பெட்டி ஜெயித்தது. நடுவில் நின்றுபோன பெட்டி வெளியே. ஓட்டம் ஆரம்பித்த பிறகு யாரும் கைவைக்கக் கூடாது.

சோலைமலை இரண்டு வருஷம் போனான். முதல் வருஷம் சிப்பின் தலைமேல் உட்காரும் செம்புக் கட்டியின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்துபோனான். பெட்டி கொதித்து நின்றது. இரண்டாம் வருஷம் தாளை உரித்தான், வேகத்தை எக்கச்சக்கமாக ஏற்றினான். மைக்கில் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரை நீலமாகிப் பெட்டி நின்றுவிட்டது.

கூட்டத்தில் எவனோ ஒருவன், "புஸ்வாணம்!" என்றான். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மேலூரில் இப்போது கல்யாண வீட்டுக்காரர்கள், "நம்ம புஸ்வாணத்துக்கு ஒரு போன் போடு" என்றுதான் மைக்செட்டுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். அவனும் சிரித்துக்கொண்டு போய்க் குழாய் கட்டினான். வீட்டுக்கு வந்தால் சிரிப்பு வரவில்லை. மனைவி முத்துப்பேச்சியிடம் சொல்லிவிட்டான்: இந்த வருஷமும் நின்றுபோனால் பெட்டியைப் பிரித்து விற்றுவிடுவேன், இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

அப்படிச் சொன்ன அன்று அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

"என்ன வேணும்ணே?" என்றாள் ரெஜினா.

தன்னைவிடப் பதினாலு வயது இளையவள். ஆனாலும் கற்றுக்கொடுக்கப் போகிறவளைத் தங்கச்சி என்று கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை.

"ஒரே ஒரு கேள்விதான் டீச்சர். ஓவர்கிளாக் பண்ணவா, வேணாமா?"

சிப்புக்குக் கம்பெனிக்காரன் ஒரு வேகம் போட்டு அனுப்புவான். அதற்கு மேலும் ஓடு என்று நாம் சொல்லலாம். அதுதான் ஓவர்கிளாக். ஏற்றினால் வேகம் கூடும், கூடவே சூடும் கூடும். எந்தச் சிப்பு எதுவரை தாங்கும் என்று அதைச் செய்தவனுக்கே தெரியாது. ஏற்றாமல் இருந்தால் நிற்காது, ஜெயிக்கவும் செய்யாது. ஏற்றினால் ஜெயிக்கலாம், நீலமாகவும் ஆகலாம். இரண்டு வருஷமாக இதை யோசித்து யோசித்துத்தான் அவன் தலையில் பாதி முடி போயிருந்தது.

ரெஜினா போர்வையை விலக்கிப் பெட்டிக்குள் பார்த்தாள்.

"டீ குடிக்கிறீங்களா?"

"கேள்விக்குப் பதிலு?"

"இஞ்சி போட்டது."

குருமார்களிடம் இதுதான் தொல்லை. நேராக ஒன்று கேட்டால் நேராக ஒன்று வராது. சோலைமலை டீயைக் குடித்தான். குடித்து முடிப்பதற்குள் அவள் அவன் பெட்டியின் தண்ணீர்க் குழாய்களை எல்லாம் கழற்றிப் பெஞ்சில் அடுக்கியிருந்தாள்.

"இதெல்லாம் யாரு வளைச்சது?"

"நாந்தான் டீச்சர்."

"மறுபடி வளைங்க."

அக்ரிலிக் குழாயை வளைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. உள்ளே ரப்பர் கயிற்றை நுழைத்து, வெளியே சூட்டைக் காட்டி, அது இளகுகிற சமயம் பார்த்து வளைக்க வேண்டும். அவசரப்பட்டால் உடையும், தாமதித்தால் கொதித்துக் குமிழ் விடும். முதல் நாள் அவன் வளைத்தவை எல்லாம் பிள்ளைகள் உறிஞ்சிப் போட்ட ஸ்ட்ரா மாதிரி நெளிந்து கிடந்தன. ரெஜினா இன்னொரு குழாயை எடுத்து நீட்டினாள்.

நாலைந்து நாளில் கை படிந்தது. குழாய்கள் நேர்கோடாகப் போய்த் திரும்ப வேண்டிய இடத்தில் மட்டும் திரும்பின. பார்க்கவே லட்சணமாக இருந்தது.

"டீச்சர், இப்பவாச்சும் சொல்லுங்க. ஏத்தவா, வேணாமா?"

"ஒவ்வொரு மூட்டுக்குக் கீழயும் டிஷ்யூ பேப்பர் வைங்க."

வைத்தான். மற்ற எதற்கும் கரண்டு கொடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டுத் தண்ணீர் சுற்றுவதைப் பார்க்கச் சொன்னாள். ஒரு நாள் முழுக்க அவன் டிஷ்யூ பேப்பரை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு துளிகூடக் கசியவில்லை.

"டீச்சர், ஏத்தவா?"

"உள்ள காத்து நிக்குது. பெட்டியைச் சாய்ச்சுப் பிடிங்க."

சாய்த்துப் பிடித்தான். குமிழ்கள் கொலகொலவென்று மேலே வந்தன.

"டீச்சர்..."

"மழை வருதுண்ணே. கொடியில துணி கெடக்கு."

துணியை எடுத்துப் போட்டான். எடுக்கும்போது மனசுக்குள் திட்டினான் என்பதை மறைப்பானேன். நல்ல கெட்ட வார்த்தையாகவே திட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை ரெஜினா மாதா கோயிலுக்குப் போனாள். பூசை முடிந்து கறி வாங்கிக்கொண்டு வர மதியமாகும். பட்டறையில் சோலைமலையும் பெட்டியும் தனியாக இருந்தார்கள்.

கேள்வியை யாரிடம் கேட்பது, பெட்டியிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றிவிட்டது அவனுக்கு.

கம்பெனி போட்டிருந்த வேகம் ஐந்து கிகாஹெர்ட்ஸ். ஐந்து புள்ளி மூன்று வைத்தான், ஓடியது. ஐந்து புள்ளி ஐந்து வைத்தான், ஓடியது. பயந்து பயந்து ஐந்து புள்ளி ஏழு. அதுவும் ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு ஐந்து புள்ளி எட்டு வைத்துப் பந்தயத்தில் ஓட்டுகிற அதே கேமை ஒரு மணி நேரம் ஓடவிட்டான்.

நிற்கவில்லை. சூடு காட்டுகிற எண் ஏறுவேனா என்றது. போன வருஷம் பாதியில் கவிழ்ந்த அதே சிப்பு, இப்போது வாயைத் திறக்காமல் ஓடியது. எல்லாம் குழாய் செய்த மகிமை, டிஷ்யூ பேப்பர் செய்த மகிமை என்று அவன் பூரித்துப்போனான். ஸ்வெட்டரும் குல்லாவும் மேலே ஒரு கம்பளியுமாகப் பட்டறைக்குள் ஒரு குத்தாட்டமே போட்டான்.

அந்த நேரம் பார்த்து ரெஜினா உள்ளே வந்தாள். சோலைமலை ஆடிய காலை அப்படியே நிறுத்தினான்.

"மன்னிச்சுக்கங்க டீச்சர். கேக்காம ஏத்திட்டேன். ஆனா பாருங்க, அஞ்சு புள்ளி எட்டு! ஒரு மணி நேரம்! அசையலை!"

அவள் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"குளிருதாண்ணே?"

"பல்லு கிட்டிக்குது டீச்சர்."

"அதுக்கும்தான்."

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான் சோலைமலை. பெட்டியை ஒரு தட்டுத் தட்டிக்கொடுத்தான்.

"பந்தயத்துக்கு நானும் வரேன்" என்றாள் ரெஜினா. "கறியை நறுக்குங்க."

பந்தயத்தன்று விடிய எழுந்து பஸ் பிடித்தார்கள். பாதி மலை இறங்கியதும் சோலைமலை கம்பளியை எடுத்து மடித்தான். வத்தலக்குண்டு வரும்போது குல்லாவைக் கழற்றினான். அங்கே டீ குடித்துவிட்டு ஸ்வெட்டரைக் கழற்றினான். செக்கானூரணி தாண்டும்போது சட்டைப் பொத்தான் இரண்டைத் திறந்துவிட்டான். இத்தனையைக் கழற்றிய மனுசன் ஒரு தடவையாவது மடியில் இருந்த பெட்டியைப் பற்றி யோசித்தானா என்றால், இல்லை. ஜெயித்தால் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு வந்தான்.

பந்தயம் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், மத்தியானம் மூன்று மணிக்கு. காலையில் மண்டபம் காலியாக இருந்தது. ஏசியை முழுசாகத் திறந்துவிட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்தால் இன்னொரு கொடைக்கானல். இருபது பெட்டிகள் வரிசையாக விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடின. நாகர்கோவில் டேவிட் ராஜதுரை, இரண்டு வருஷமாக ஜெயிக்கிற ஆள், ஐந்து புள்ளி ஏழில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க அண்ணாச்சி" என்றான் டேவிட். "இந்த வருசமும் வெடி உண்டா?"

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். சோலைமலையும் சிரித்து வைத்தான். தன் பெட்டியை ஐந்து புள்ளி எட்டில் ஓட்டிக் காட்டினான். சிரிப்பு நின்றது. டேவிட் எழுந்துவந்து குழாய் வளைவுகளைக் குனிந்து பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். சோலைமலைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"பாத்தீங்களா டீச்சர்?"

"பசிக்குதுண்ணே" என்றாள் ரெஜினா. "இங்க சாப்பிட எங்க போகணும்?"

"அதுக்கென்ன, வாங்க. இது நமக்கு வீடு மாதிரி."

பொய்யில்லை. அந்த மண்டபத்தில் அவன் மைக்செட் போடாத கல்யாணம் குறைவு. பின்பக்கமாகச் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போனான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. கதவைத் தாண்டியதும் முகத்தில் அனல் அறைந்தது. அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்த சமையல் மாஸ்டர் பெரியகருப்பன் திரும்பிப் பார்த்தார்.

"அடடே, புஸ்வாணமா! மைக்கு யாரோ கட்டியிருக்கான், கூகூன்னு கத்துது. நீ கட்டலையா?"

"இன்னைக்கு நான் போட்டியில இருக்கேன் மாஸ்டர். ரெண்டு இட்லி குடுங்க, டீச்சருக்குப் பசி."

இலையில் இட்லி விழுந்தது. சோலைமலையும் ஒரு இட்லியைக் கையில் எடுத்தான். அதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"என்ன மாஸ்டர் இந்தப் புழுக்கம்! நீங்களும் ஏசி ஹாலுக்குப் பந்தி பரிமாற வந்துருங்க."

"எந்த ஏசி?" பெரியகருப்பன் கரண்டியை அண்டா விளிம்பில் தட்டினார். "கூட்டம் உக்காந்தா அது ஏசியாய்யா? முகூர்த்த நேரத்துல மாப்பிள்ளைக்குப் பொட்டு வழிஞ்சு மூக்குக்கு வந்துரும். உனக்குத் தெரியாததா? நீதான ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னாடி ஃபேன் வச்சிட்டு உக்காந்திருப்ப?"

சோலைமலை இட்லியை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நின்றுவிட்டான்.

ஆமாம். மற்ற மண்டபங்களில் வைக்க மாட்டான். இந்த மண்டபத்தில் மட்டும் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் ஒரு ஃபேனை நிறுத்தாமல் அவன் ஒரு கல்யாணத்தையும் தொடங்கியதில்லை. வைக்காத அன்று தாலி கட்டும் நேரத்தில் மைக் அணைந்து, பெண்ணின் தாய்மாமனிடம் ஏச்சு வாங்கியவன் அவன். கை பாட்டுக்குச் செய்துவந்த வேலை. இன்றைக்கு மட்டும் அது நினைப்புக்கு வரவில்லை.

தண்ணீர் என்ன மந்திரமா? சிப்பின் சூட்டை வாங்கி வெளியே காற்றில் விடும். வெளியே இருக்கிற காற்று எப்படியோ அப்படித்தான் அதுவும். மலையில் காற்றே ஐஸ். இங்கே மூன்று மணிக்கு ஐந்நூறு பேர் மூச்சு விடப் போகிறார்கள்.

"குளிருதாண்ணே?" என்று அவள் கேட்டது இப்போதுதான் அவன் காதில் விழுந்தது.

திரும்பிப் பார்த்தான். ரெஜினா தலையைக் குனிந்து சட்னியில் இட்லியைத் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர்" என்றான் சோலைமலை. "உங்க சமையல்கட்டுல எனக்கு ஒரு மூலை வேணும்."

பத்து நிமிஷத்தில் பெட்டி சமையல்கட்டுக்கு வந்துவிட்டது. ஆவியும் எண்ணெய்ப் புகையும் அடிக்காத ஓரமாகக் கிரைண்டர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் ஏற்றினான். கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் பிளக்கைச் சொருகினான்.

"யோவ், வடைக்கு அரைக்கணும்யா!" என்று கத்தினார் பெரியகருப்பன்.

"மாஸ்டர், உங்க காலைத் தொட்டுக் கும்பிடுறேன். இன்னைக்கு ஒரு நாளு."

"காலைத் தொட்டா உளுந்து அரையுமா?" என்றார் அவர். ஆனாலும் அண்டாப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹாலில் செய்தி பரவிவிட்டது. புஸ்வாணம் பெட்டிக்குச் சாம்பார் ஊற்றப் போய்விட்டதாகச் சொல்லிச் சிரித்தார்கள். இரண்டு பேர் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அனல் தாங்காமல் ஓடிப்போனார்கள்.

ஐந்து புள்ளி எட்டு, அந்தச் சூட்டில், கொஞ்ச நேரம் கெத்தாக ஓடியது. தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும், ஏறிய பிறகுதான் குணத்தைக் காட்டும். திரை நீலமானது.

போன வருஷத்து அதே நீலம். மூன்று மணிக்கு ஐந்நூறு பேர் முன்னால் வந்திருக்க வேண்டியது, பெரியகருப்பன் ஒருவர் முன்னால் வந்துவிட்டது. ஐந்து புள்ளி ஏழு. நீலம். ஐந்து புள்ளி ஆறு. இந்தத் தடவை சற்று நேரம் கழித்து நீலம். ஐந்து புள்ளி ஐந்தும் கவிழ்ந்தது, ஒரு மணி நேரத்தைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால். ஒவ்வொரு தடவையும் வேர்வையைத் துண்டில் துடைத்துக்கொண்டு இறக்கினான். குழாயைத் தொட்டால் டீ கிளாஸைத் தொட்ட மாதிரி இருந்தது.

ஐந்து புள்ளி நாலு வைத்தான்.

சாம்பார் இறங்கியது. ரசம் இறங்கியது. அப்பளம் பொரித்தார்கள். பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் முடிந்து கேம் தானாக நின்றபோது, சோலைமலை அதை நம்பாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆசை தீர்ந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு வருஷம் கேட்ட சிரிப்பு காதில் இரைந்தது.

"டீச்சர், எதுக்கு வம்பு? கம்பெனி போட்ட அஞ்சுலயே விட்டுறவா? நிச்சயமா நிக்காது."

ரெஜினா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இப்ப நின்னுச்சா?"

"நிக்கலை."

"அப்ப யாருண்ணே சூடாயிட்டது? அதுவா, நீங்களா?"

அவனுக்கே சிரிப்பு வந்தது. ஐந்து புள்ளி நாலிலேயே விட்டுப் பெட்டியை அணைத்தான். கிரைண்டரின் பிளக்கை மாற்றிச் சொருகினான். உளுந்து அரைபட ஆரம்பித்தது.

மூன்று மணிக்கு மண்டபம் பிதுங்கியது. நாற்காலி கிடைக்காதவர்கள் சுவரோரம் நின்றார்கள், கதவுகளை மூடவே முடியவில்லை. வர வேண்டாம் என்று சொல்லியிருந்தும் முத்துப்பேச்சி வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மணி அடித்தார்கள். இருபது பெட்டிகளும் கிளம்பின. மேலே பெரிய திரையில் இருபது பெயர்களும் பக்கத்தில் எண்களும் ஓடின.

டேவிட் முதலிடம். அவனுக்குப் பின்னால் ஆறு ஏழு பேர். சோலைமலை எட்டாவதோ ஒன்பதாவதோ.

"என்ன புஸ்வாணம், இந்த வருசம் நமுத்துப்போச்சா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சோலைமலை திரும்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் கூட்டம் நோட்டீஸை விசிறத் தொடங்கியது. முதலில் பெண்கள், பிறகு எல்லோரும். அறிவிப்பாளர் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். சோலைமலைக்குத் தெரிந்த புழுக்கம் அது. இருபது வருஷமாக அந்த மண்டபம் அவனுக்குக் காட்டிவந்த அதே புழுக்கம், சொல்லிவைத்த மாதிரி வந்து சேர்ந்தது.

பாதியில் முதல் பெட்டி நீலமானது. கூட்டம் ஓவென்றது. அடுத்தது. இன்னும் ஒன்று. ஒரே மேசையில் இரண்டு பெட்டிகள் ஒன்றையொன்று பார்த்து நின்றுபோயின. சோலைமலை நாலாவதாக வந்தான். மூன்றாவதாக வந்தான். அவன் பெட்டி வேகம் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை.

காரைக்குடிக்காரர் ஒருவர் ஏற்றாமலே கம்பெனி வேகத்தில் விட்டிருந்தார். அவர் பெட்டி நிற்கவில்லை. ஆனால் சோலைமலைக்கு வெகுதூரம் பின்னால் வந்துகொண்டிருந்தது.

முன்னால் டேவிட் மட்டும். முடியப் பத்து நிமிஷம் இருந்தது.

டேவிட் தன் பெட்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கைவைக்கக் கூடாது. அவன் நெற்றி வேர்வை கன்னத்தில் இறங்கியது. அப்போது அவன் திரை ஒரு தடவை துடித்தது. நீலம்.

மண்டபத்தில் சத்தம் சட்டென்று அடங்கியது. ஐந்நூறு ஜோடிக் கண்களும் இப்போது ஒரே பெட்டிமேல். இதற்கு முன்னால் இரண்டு தடவை நின்றுபோன ஆளின் பெட்டி. முத்துப்பேச்சி விசிறுவதை நிறுத்திவிட்டாள்.

சோலைமலைக்கு ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. பெட்டியைப் பார்த்தான். தண்ணீர் குழாய்க்குள் அதன் பாட்டுக்குச் சுற்றியது. சமையல்கட்டில் இதைவிடப் பெரிய சூட்டைப் பார்த்துவிட்டு வந்த பெட்டி அது. அவனுக்கு உள்ளே எதுவோ நிதானப்பட்டது. அந்தக் கடைசிப் பத்து நிமிஷமும் அவன் பயப்படவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் கட்டியதைத் தானே நிம்மதியாக நின்று பார்த்தான்.

மணி அடித்தது.

பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

அறிவிப்பாளர் மைக்கைப் பிடுங்காத குறையாகப் பிடித்து, "மேலூர் சோலைமலை!" என்று அலறினார். மைக் கூகூவென்று கத்தியது. அதற்கு மேல் கூட்டம் கத்தியது. நமுத்துப்போச்சா என்று கேட்ட அதே குரல், "அண்ணன் சோலைமலை!" என்று அடித்தொண்டையில் கூவியதை அவன் தெளிவாகக் கேட்டான். யார் யாரோ தூக்கினார்கள். மேலே போனபோது ஃபேனில் தலை இடித்துவிடுமோ என்று பயந்தான், கீழே வந்தபோது அழுதுகொண்டிருந்தான். வெட்கப்படவில்லை. அப்படி ஒரு சந்தோஷம் அவனுக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. முத்துப்பேச்சி கேட்டுவிடக் கூடாது என்பதற்காக அதை யாரிடமும் சொல்லவில்லை.

அவளே கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். "போதும், அழுவாதீங்க. போட்டோ எடுக்குறாங்க" என்றாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

டேவிட் வந்து கைகொடுத்தான். "எவ்வளவு வச்சிருந்தீய அண்ணாச்சி?"

"அஞ்சு புள்ளி நாலு."

"அவ்வளவுதானா?" டேவிட் கையை விடாமல் யோசித்தான். பிறகு மனசாரச் சிரித்தான். "அடுத்த வருசம் நானும் சமையல்கட்டுக்கு வாறேன். எடம் போட்டு வையுங்க."

பெரியகருப்பன் ஒரு தட்டு நிறைய வடை அனுப்பினார். தாமதமாக அரைத்ததால் உப்பு ஒரு கல் கூடத்தான் விழுந்திருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

ரெஜினா சமையல்கட்டு வாசல்படியில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தாள். சோலைமலை கழுத்து மாலையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். சந்தோஷம் கொஞ்சம் தணிந்து, மனசின் மூலையில் இருந்த ஒரு சின்னக் கோபம் தலைகாட்டியது.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்கண்ணே."

"வந்த அன்னைக்கே கேட்டேன். டீயைக் குடுத்தீங்க. குழாய வளைக்கச் சொன்னீங்க. கொடியில இருந்து துணிகூட எடுக்கச் சொன்னீங்க. இந்த அஞ்சு புள்ளி நாலை மலையிலயே சொல்லியிருந்தா, நான் கிரைண்டர் பக்கத்துல உக்காந்து இம்புட்டு வெந்திருக்க மாட்டேன்ல? ஏன் டீச்சர் சொல்லலை?"

ரெஜினா வாயிலிருந்த வடையை மென்று விழுங்கினாள்.

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? நான் இந்த மண்டபத்துக்கு இன்னைக்குத்தான வர்றேன்."